மூன்று கார்டு மேப்பிள்

வலது தோள்பட்டைதான் ஜினெட்டை எழுப்பியது. உருளைக்கிழங்கு ஷெட்டில் ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நின்று, அழுகினதையும் வெட்டுப்பட்டதையும் பொறுக்கி எறிகிற தோள். பதினேழு வருஷமாய் அதே தோள், அதே பக்கம். காலையில் வலிப்பது வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு வலித்தது வேறு மாதிரி. எலும்புக்குள் ஆணியை வைத்து யாரோ நிதானமாகத் தட்டிக்கொண்டிருப்பது போல. கண்ணைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது, வீடு குளிர்ந்துபோய்விட்டது.

படுத்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டாள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் சத்தம் இல்லை. அது ஓடும்போது இந்த டிரெய்லர் வீட்டின் தகரச் சுவர் முழுக்க லேசாக அதிரும். முப்பது வருஷமாய் அந்த அதிர்வின் மேல்தான் அவள் தூங்கியிருக்கிறாள். இப்போது சுவர் செத்துக் கிடந்தது.

எழுந்து போர்வையோடு கூடத்துக்குப் போனாள். ஐம்பத்தெட்டு ஃபாரன்ஹீட்டில் வைத்த சூடு முப்பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. தண்ணீர் உறைய முப்பத்திரண்டு. இன்னும் ஏழு டிகிரிதான் கையிருப்பு. சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியைப் பார்க்க, கண்ணாடியில் படிந்திருந்த பனியை நகத்தால் சுரண்டினாள். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. அந்த வருஷம் ஜனவரி பாதி வரைக்கும் குளிர் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மெய்ன் மாநிலத்தின் இந்த வடக்கு மூலையில் அது நல்லதற்கல்ல என்று ஷெட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வராத குளிர் எங்கேயோ உட்கார்ந்து வட்டி சேர்த்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். நேற்று ராத்திரி மொத்தமாக வந்து இறங்கிவிட்டது.

முதல் வேலையாகக் குழாய்களைத் திறந்து நூல் கனத்துக்குத் தண்ணீரை ஓடவிட்டாள். இருந்த பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைத்தாள். தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து, தலை உலர்த்தும் மிஷினைக் குழாயைப் பார்த்து வைத்தாள். பிறகு புருஷன் ரோசேரின் பழைய காடாக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

எண்ணெய் டாங்க் வீட்டின் பின்பக்கம் நாலு இரும்புக் காலில் நிற்கும். உச்சியில் இருக்கிற அளவுக்குமிழ் கால்வாசிக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. அது நேற்றும் அங்கேதான் இருந்தது. ஆக எண்ணெய் தீரவில்லை. குனிந்து, டாங்கின் அடியில் இருந்த ஃபில்டர் கிண்ணத்தை ஸ்பேனர் போட்டுத் திருகிக் கழற்றினாள். எண்ணெய் சிந்தும் என்று பின்வாங்கினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. மார்கழி மாசத்துத் தேங்காய் எண்ணெய் போல, கிண்ணம் முழுக்க உறைந்து, சிவப்புச் சாயத்தோடு மெழுகாக நின்றது.

கையுறையை உருவினாள். அந்த மெழுகில் கொஞ்சம் தோண்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து உரசினாள். வெளி டாங்கில் குளிருக்கு உறையாத மண்ணெண்ணெய்தான் ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் என்றால் உரசினதும் பறந்துவிடும். விரல் வறண்டு வெளுத்துப்போகும். இது போகவில்லை. உரச உரசப் பிசுபிசுத்தது.

நவம்பர் மாசம், பட்டப்பகலில், இதே இடத்தில், இதே எண்ணெய் பம்பின் வாயிலிருந்து ஒழுகி அவள் கையில் பட்டது. அன்றைக்கே உரசிப் பார்த்திருக்க வேண்டும். உரசவில்லை. கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

ஏன் உரசவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பம்பை அடித்துக்கொண்டிருந்தது அடெலார். புருஷனின் அண்ணன். எண்ணெய் ஊற்றுகிறவன் முகத்துக்கு நேரே விரலை உரசிப் பார்ப்பது, 'நீ திருடன்' என்று வாய்விட்டுச் சொல்வதற்குச் சமம். இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். அவன் போன பிறகு உரசுவார்கள். அவனோ அன்றைக்குக் கடைசிச் சொட்டு வரைக்கும் நின்று, டாங்க் மூடியைத் தானே இறுக்கி, பீப்பாய்களைத் தானே உருட்டிக்கொண்டு போனான். அதற்குள் அவளுக்கு ஷெட்டுக்கு நேரமாகிவிட்டது. மரியாதை பார்த்தவள் இப்போது குளிரில் நின்றாள்.

கதை அதற்கும் முந்தியது. மாமனார் சாகும்போது ஒரு காகிதம் எழுதிவைத்தார். நிலமும் காடும் மூத்தவன் அடெலாருக்கு. இளையவன் ரோசேரும் அவன் பெண்டாட்டியும் டிரெய்லர் நிற்கிற அரை ஏக்கரில் இருந்துகொள்ளலாம், குளிர்காலத்தில் அங்கே குடியிருக்கிறவரை. ஒரு குளிர்காலம் ஆளில்லாமல் கிடந்தால் அந்த அரை ஏக்கரும் மூத்தவனுக்கே. கிழவருக்கு, கனெக்டிகட் தொழிற்சாலைகளுக்கு ஓடிப்போய், கோடையில் மட்டும் வந்து மீன் பிடித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் ஆகாது. குளிரைத் தாண்டுகிறவனுக்குத்தான் மண் என்பார். சின்ன மகனைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார். எழுதினது இப்போது அந்தச் சின்ன மகனின் பெண்டாட்டி கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது.

ஏனென்றால் போன வருஷம் அந்த அரை ஏக்கரை ஒட்டி, உல்லாசப் பயணிகள் ஓட்டும் மோட்டார் பனிவண்டிகளுக்குப் பாதை போட்டுவிட்டார்கள். தெற்கேயிருந்து ஒருவன் வந்து, பனிவண்டி வாடகைக்கு விடக் கொட்டகை போட வேண்டும், அந்த மூலை கிடைக்குமா என்று அடெலாரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனான். ஊருக்கே தெரிந்த சேதி அது.

ரோசேர் ஜூலையில் செத்தான். வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டி நிழலில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். அதற்கு முந்தின வருஷம் மார்ச்சில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து காட்டில் இறங்கி ஆறு கார்டு மேப்பிள் மரம் வெட்டியிருந்தார்கள். நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளம் அடுக்கினால் ஒரு கார்டு. வருஷா வருஷம் நடக்கிற வேலை. ஒரு வருஷம் வெட்டிப் பிளந்து அடுக்கினால் அது காய்ந்து அடுத்த வருஷத்துக் குளிருக்கு ஆகும். பாதிப் பாதி என்பது எழுதாத சட்டம். கூரை நன்றாக இருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் அடெலாரின் விறகுக் கொட்டகையில் அடுக்குவார்கள். செப்டம்பரில் ரோசேர் தன் பங்கை டிராக்டரில் இழுத்து வருவான். இந்தத் தடவை செப்டம்பர் வந்தது, ரோசேர் இல்லை.

அக்டோபரில் ஜினெட் கேட்டாள். வெட்டினவன் போய்விட்டான், ரம்பம் என்னுது, பெட்ரோல் என்னுது, காடும் என்னுது என்றான் அடெலார். அப்புறம் நவம்பரில் அவனே வந்து படியில் நின்றான். தோள் இருக்கிற லட்சணத்தில் உனக்கு எதற்கு விறகு, டிராக்டர் கொட்டகை ஹீட்டருக்கு வாங்கின மண்ணெண்ணெய் இரண்டு பீப்பாய் கிடக்கிறது, அதை உன் டாங்கில் ஊற்றிவிடுகிறேன், விறகுக் கணக்கு அத்தோடு தீர்ந்தது என்றான். மூன்று கார்டு விறகின் விலையில் அது பாதிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் டாங்கில் அப்போது நாற்பது கேலன்தான் இருந்தது. ஏழைகளுக்கு எண்ணெய்ப் பணம் கொடுக்கிற உதவி ஆபீஸில் பிப்ரவரி கடைசிக்குத்தான் அவளுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். வராத முழுசுக்கு வந்த பாதி மேல் என்று சரி சொன்னாள்.

அவள் ஃபோன் போட்டுக் கூப்பிட்ட எண்ணெய்க்காரன் கில்மன் பத்து மணிக்கு வந்தான். அன்றைக்குக் காலையிலிருந்து அவனுக்கு இது ஒன்பதாவது வீடு. மீசையில் பனி கட்டித் தொங்கியது. கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மோந்தான். அவனும் உரசினான்.

"இது நம்பர் டூ எண்ணெய், அக்கா," என்றான். "வீட்டுக்கடியில நிலவறை டாங்க்ல இருக்க வேண்டியது. வெளி டாங்க்ல ஊத்தினா இந்தக் குளிருக்கு வெண்ணெய்தான். யாரு ஊத்தினது? புதுசா வந்திருக்கானே அந்த லாரிப் பையனா?"

"என் புருஷனோட அண்ணன்."

கில்மன் ஒரு நட்டை இறுக்க ஆரம்பித்தான். இறுக்க வேண்டியதைவிட அதிகமாக இறுக்கினான்.

"அவரு போன வருஷம்தானே எண்ணெய விட்டுட்டு விறகு பாய்லருக்கு மாறினாரு. நான்தான் போய் பழைய லைனைக் கழட்டினேன். நிலவறையில முக்கால் டாங்க் நின்னுது. இதை யார் தலையில கட்டறதுன்னு அப்பவே கேட்டாரு."

"அவருக்கு வித்தியாசம் தெரியாம இருக்குமா?"

"மீனுக்கு நீச்சல் தெரியாதுன்னு வேணா சொல்லுங்க, நம்பறேன்."

அத்தோடு வேலைக்குத் திரும்பினான். இரண்டு பக்கமும் சோறு தின்கிறவன். ஐந்து கேலன் மண்ணெண்ணெய்க் கேன் ஒன்றை முன்னறைக்குள் வைத்து, அதிலிருந்து நேராக ஃபர்னஸுக்கு ஒரு குழாயை இழுத்து, இரண்டு முறை பொத்தானை அழுத்தினான். மூன்றாவது முறை பற்றிக்கொண்டது. தகரச் சுவர் அதிர்ந்தது. இந்தக் குளிருக்கு இந்தக் கேன் ஒரு நாள் தாங்கும் என்றான். டாங்கில் இருப்பதை இளக்கிக் காலி செய்துவிட்டுப் புதுசாக நூறு கேலன் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். நூறுக்குக் குறைந்து லாரி வராது. வந்தாலும் வியாழக்கிழமைக்கு முன்னால் வராது. சனிக்கிழமை என்பதால் கூலி ஒன்றரை மடங்கு. ஜினெட் மாவு டப்பாவுக்குள் இருந்த உறையைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள். உறையில் மிஞ்சியது நூறு கேலனுக்குப் பாதிக்குக்கூடக் காணாது.

கிளம்பும்போது கில்மன், ரோசேர் முன்னறையில் வைத்திருந்த சின்ன விறகடுப்பைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"இது வேலை செய்யுமில்ல?"

"செய்யும்."

"அப்ப இதுக்குத் தீனி பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடெலாரின் வீடு அறுபது தப்படி தூரம். ஜினெட் கதவைத் தட்டவில்லை; இங்கே யாரும் தட்டுவதில்லை. உள்ளே நுழைந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. மேப்பிள் சூடு. அடெலார் பனியனோடு மேஜையில் உட்கார்ந்து, ப்ளோய் அப்பத்தில் வெண்ணெய் தடவிச் சுருட்டிக்கொண்டிருந்தான். எழுபத்தொரு வயசிலும் தோள் இரண்டும் தூண் மாதிரி. ஓரகத்தி யூலாலி அடுப்புப் பக்கம் நின்று மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜினெட்டின் கண் ஜன்னலுக்குப் போனது. அது ஒரு விரல்கட்டை திறந்திருந்தது. உள்ளே புழுக்கம் தாங்காமல் திறந்து வைத்திருந்தார்கள்.

உட்காரச் சொல்லவில்லை. காப்பியும் ஊற்றவில்லை. பிணம் எடுக்க வந்தவனுக்குக்கூடக் காப்பி கொடுக்கிற ஊர் இது.

ஃபர்னஸ் நின்றதையும் கில்மன் வந்ததையும் அவள் சொன்னாள். அடெலார் மென்றுகொண்டே கேட்டான். பிறகு, எண்ணெய் பழசு, கெட்டுப்போயிருக்கும் என்றான். பழைய மண்ணெண்ணெயில் தண்ணீர் இறங்கிவிடும், அது யார் குற்றமும் இல்லை என்றான்.

"தண்ணி இல்லீங்க. நம்பர் டூ. உங்க நிலவறை எண்ணெய்."

"யார் சொன்னா, கில்மனா? அவங்கப்பனுக்கே பாதி வேலைதான் தெரியும்."

"என் விரல் சொல்லுது."

அடெலார் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை அவன் முகத்தில். சந்தையில் கிழட்டு மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"இதப் பாரு ஜினெட். உனக்கு ஐம்பத்தெட்டு ஆச்சு. தோள் போச்சு. அந்தத் தகர டப்பாவ இந்தக் குளிர்ல ஒத்தையாளா காப்பாத்த முடியாது. உன் பொண்ணு லூயிஸ்டன்ல நல்ல வீட்ல இருக்கா. பஸ் ஏறிப் போ. ஏப்ரல்ல வந்துக்கலாம். வீட்ட நான் பாத்துக்கறேன்."

"ஏப்ரல்ல வந்தா எனக்கு வீடு இருக்குமா?"

யூலாலி அப்பத்தைத் திருப்பிப் போட்டாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பத்துநாலு வருஷம் ஜினெட் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சண்டையிலும் அந்தச் சொல் மாறியதில்லை. ரோசேரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், யார் எவ்வளவு செலவு செய்வது என்று அவன் பேரம் பேசியபோதும் மாறவில்லை.

"உன் எண்ணெய் எனக்கு வேண்டாம்," என்றாள். "என் விறகக் குடு."

அடெலாரின் கை அப்பத்தோடு நடுவழியில் நின்றது. அவனைத் தைத்தது விறகு அல்ல. அந்த 'உன்'.

"என்ன சொன்னே?"

"காதுல விழுந்துது உனக்கு. மூணு கார்டு. ரோசேர் வெட்டினது."

"கொட்டகை என்னுது. அதுக்குள்ள இருக்கறது என்னுது. தொட்டுப் பாரு."

அவள் திரும்பி வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. டிரெய்லருக்கு அடியில் கிடந்த சறுக்குவண்டியை, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகும்போது ரோசேர் சாமான் இழுத்துப் போகிற அந்த நீளப் பிளாஸ்டிக் தொட்டியை, உதைத்துப் பனியிலிருந்து பெயர்த்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக விறகுக் கொட்டகைக்குப் போனாள்.

கொட்டகையின் முன்வரிசை கூரை வரைக்கும் நின்றது. ஒரு கட்டையை உருவி இன்னொன்றின் மேல் தட்டினாள். 'தொப்' என்றது. கனம் கையை இழுத்தது. பச்சை மரம், ரோசேர் போன பிறகு கோடையில் அடெலார் தனியாக வெட்டினது. காய்ந்த மேப்பிள் தட்டினால் பாத்திரம் மாதிரி கணீரென்று கேட்கும். அடுத்த வரிசையும் 'தொப்'. அதற்கடுத்ததும் அப்படியே. வரிசைகளுக்கு நடுவே உடம்பைத் திணித்துக்கொண்டு பின்னால் போனாள்.

பின்சுவரோரம் ஆறு கார்டு நின்ற இடத்தில் மரப்பட்டைத் தூள்தான் கிடந்தது. மூலையில் மட்டும் ஒரு சின்ன அடுக்கு. முனைகள் சாம்பல் நிறமாகி நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தன. பட்டை மேலே பார்க்க அடுக்கியிருந்தது. அது ரோசேர் பழக்கம். மழை உள்ளே இறங்காது என்பான். கூரைக்கடியில் மழை எங்கேயடா வரப்போகிறது என்று அண்ணன் கிண்டல் செய்வான். ஒன்றை எடுத்துத் தட்டினாள். கணீரென்றது.

தன் பச்சை மரத்தைக் காயப் போட்டுவிட்டுத் தம்பியின் பங்கை நவம்பரிலிருந்து எரித்துக்கொண்டிருக்கிறான். தன்னுடைய மூன்று, தம்பியுடைய இரண்டரை, எல்லாம் புகைக்கூண்டு வழியாகப் போய்விட்டது. மீந்த சூட்டுக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறான்.

முதல் வண்டியை ஏற்றி இழுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது அடெலார் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஷெரிஃப் ஆபீஸுக்கு ஃபோன் போடப் போறேன்."

"போடு. வர்றவன்கிட்ட என் டாங்க் மூடியத் திறந்து காட்டறேன். உரசிப் பாக்கறதுக்கு அவனுக்கும் விரல் இருக்கும்."

அவன் ஃபோன் போடவில்லை. ஷெரிஃபின் ஆள் வந்தால் அன்று சாயங்காலத்துக்குள் சேதி சர்ச்சுக்குப் போய்விடும். சர்ச்சில் வாராவாரம் காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறவன் அவன்.

மூக்கு மயிர் உறைந்து ஊசியாகக் குத்தியது. கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டன, நின்று நின்று கையுறையால் தேய்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. கயிற்றை இடது தோளில் போட்டு இழுத்தாள். ஏற்றவும் இறக்கவும் வலது தோள் வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அந்த ஆணி ஒரு தடவை இறங்கியது. ஐந்து நடை முடிந்தது.

ஆறாவது நடைக்குத் திரும்பியபோது டிராக்டர் உறுமியது. குளிரில் உறையாமல் இருக்க, அந்த டிராக்டரின் என்ஜினுக்கு ராத்திரி முழுக்க மின்சாரச் சூடு கொடுத்துவைத்திருந்தான் அடெலார். முன்னால் பனி தள்ளும் தகட்டை இறக்கிக்கொண்டு வந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே அவள் மிதித்துப் போட்டிருந்த தடத்தின் குறுக்கே முற்றத்துப் பனி முழுவதையும் தள்ளி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேட்டை வைத்துவிட்டுப் பின்வாங்கினான். அவளைப் பார்க்கவில்லை. தன் முற்றத்தைத் தான் சுத்தம் செய்கிறவன் மாதிரி செய்தான்.

ஜினெட் மண்வெட்டி எடுத்து வந்து மேட்டில் படி வெட்டினாள். வண்டியை முட்டியால் தள்ளி ஏற்றி அந்தப் பக்கம் சறுக்கவிட்டாள். பத்தாவது நடையில் அவன் மறுபடி வந்தான். இந்தத் தடவை அவள் விலகவில்லை. வண்டிக் கயிற்றைத் தோளில் போட்டபடி தகட்டுக்கு முன்னால் நின்றாள். டிராக்டர் இரண்டு தப்படி தூரத்தில் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நகரு," என்றான்.

"ஏத்திட்டுப் போ. அப்ப நிலம் உனக்குத்தான்."

அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா, வெறுப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. கால்மணி நேரம் போல இருந்தது, ஒரு நிமிஷமாகத்தான் இருக்கும். வீட்டுக் கதவு திறந்து யூலாலி தலையை நீட்டினாள். நியாயம் பேச வரவில்லை.

"சூப்பு ஆறிப்போகுது," என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஜினெட்டைப் பார்த்து, "எடுக்கறதை எடுத்துட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்திட்டுப் போ. உள்ள பனி அடிக்குது," என்றாள்.

ஜினெட் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். 'எடுக்கறதை எடுத்துட்டு.' பாதி ஒப்புதல் என்றாலும் ஒப்புதல். அடெலாருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனான். ஆனால் உள்ளே போகுமுன் படியில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

"அந்தப் பொறுக்கு விறகு எத்தனை நாளைக்கு? பத்து நாள். அப்புறம் என்னத்தக் கொளுத்துவே, உன் புருஷன் கோட்டையா?"

"பத்து நாள் கழிச்சு வந்து பாரு," என்றாள் அவள்.

இருபத்திரண்டு நடை. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கும் நாலு மணிக்குக் கடைசி வண்டியை முன்னறையில் கவிழ்த்தாள். சொன்னபடி கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தாள். திருடிதான் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடுவாள். ஒரு கட்டை பச்சை விறகு எடுக்கவில்லை. அது எரியாது, புகையும். புகைக் கரி குழாயில் படிந்து ஒரு நாள் வீட்டையே கொளுத்தும். அடெலாருக்கு இந்தக் குளிர் முடிய இன்னும் மூன்று மாசம் இருக்கிறது. காய்ந்தது இனி அவனிடமும் இல்லை. அதை நினைத்தபோது, அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு உடம்பில் எங்கோ கொஞ்சம் சூடு ஏறியது.

சின்ன அடுப்பில் காகிதமும் சுள்ளியும் வைத்து, மேலே இரண்டு கட்டை மேப்பிள் போட்டுக் கொளுத்தினாள். வெடித்த முனைகள் உடனே பிடித்துக்கொண்டன. அரைமணி நேரத்தில் இரும்பு சூடேறி டிக் டிக் என்றது. கில்மன் வைத்த கேனில் முக்கால் பங்கு மிச்சம் இருந்தது. ஃபர்னஸை ஐம்பதுக்கு இறக்கினாள். அது குழாய்கள் உறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஆளை அடுப்பு பார்த்துக்கொள்ளும். படுக்கையறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்தாள். மெத்தையை முன்னறைக்கு இழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை லாரிக்கு மீதிப் பணம் வேண்டும். ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காமல் மேஸ்திரி அலைவான், இரட்டைக் கூலி. தோள் வரமாட்டேன் என்றுதான் சொல்லும். சொல்லட்டும். டாங்கில் உறைந்து கிடக்கும் நம்பர் டூவை கில்மனைக் கொண்டு பீப்பாயில் எடுத்து, அடெலாரின் வாசற்படியில் வைக்கச் சொல்வது என்றும் முடிவு செய்தாள். எரிந்துபோன எண்ணெயைத் திருப்பித் தர முடியாது. அது ஏமாற்றினதுக்கு அபராதம்.

ஜன்னல் பனியில் சுரண்டின ஓட்டை வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் அடெலார் நின்றுகொண்டிருந்தான். இந்தப் பக்கத்தில் எல்லோரும் காலையும் மாலையும் அடுத்தவன் புகைக்கூண்டைப் பார்ப்பார்கள். புகை இல்லாவிட்டால் போய்க் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அடெலார் அதற்காகப் பார்க்கவில்லை. அவள் கூண்டிலிருந்து புகை நேர்கோடாக மேலே போய்க்கொண்டிருந்தது. அவனுடைய ஜன்னல் இப்போது மூடியிருந்தது.

இறக்கின விறகை, வலித்தாலும், பட்டை மேலே பார்க்க அடுக்கினாள். ரோசேரின் அளவுநாடாவை எடுத்து அளந்தாள். நாலடி உயரம், நாலடி அகலம், நாலடி நீளம். சரியாக அரை கார்டு.

முன்னறைக் கதவுச் சட்டத்தில் தச்சுப் பென்சிலால் ரோசேர் வருஷா வருஷம் எழுதிவந்த வரிகள் இருந்தன. வருஷம், எத்தனை கார்டு, என்ன மரம்; அவ்வளவுதான் எழுதுவான். கடைசி வரி அந்த ஆறு கார்டு மேப்பிளுடையது. ஆணியில் தொங்கிய பென்சிலை எடுத்தாள். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வரிக்குக் கீழே கோணல் எழுத்தில் எழுதினாள்:

'அடெலார் தர வேண்டியது மூன்று கார்டு மேப்பிள், காய்ந்தது. எடுத்தது அரை. பாக்கி இரண்டரை.'